ஒட்டும் பிளாஸ்டிக், ஒட்டாத பிளாஸ்டிக்: செல் வளர்ப்புக்கான பாலிமர் பரப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல் வளர்ப்புக் கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்களும், பாலிமர் வேதியியலிலிருந்து உயிரியலுக்குள் நுழைகிறவர்களும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட சொல்லிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். முதல் இரண்டு விடைகளை விட்டுவிட்டுப் பின்னால் தாவினால் பாதி புரியாது. மற்றவற்றை வேண்டிய வரிசையில் படிக்கலாம். கொடுத்திருக்கும் அளவுகளில் தொடங்கி, உங்கள் செல்லுக்கு ஏற்ப ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள்.

1. பெட்ரி டிஷ்ஷும் பாலிஸ்டைரீன், செல் வளர்க்கிற டிஷ்ஷும் பாலிஸ்டைரீன். ஒண்ணுல ஒட்டுது, இன்னொண்ணுல ஏன் ஒட்டலை?

பாலிஸ்டைரீனில் இருப்பது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும்தான். தண்ணீர் அதன்மேல் பரவாது. ஒரு துளி வைத்தால் ஏறக்குறைய 90 டிகிரி தொடுகோணத்தில் (துளியின் ஓரம் பரப்போடு சேரும் கோணம்) நிற்கும். நுண்ணுயிரியல் பெட்ரி டிஷ் அப்படியே விற்பனைக்கு வருகிறது. செல் வளர்ப்புத் தட்டை ஆலையிலேயே பிளாஸ்மாவிலோ கொரோனா மின்னிறக்கத்திலோ காட்டி எடுக்கிறார்கள். அப்போது மேல்பரப்பின் சில நானோமீட்டர் ஆழத்துக்குள் மட்டும் ஆக்சிஜன் ஏறி, ஹைட்ராக்சில், கார்பனைல், கார்பாக்சில் தொகுதிகள் உருவாகின்றன. தொடுகோணம் 50 முதல் 70 டிகிரிக்கு இறங்கும்; பரப்பில் லேசான எதிர்மின்சுமை வரும். அதற்குக் கீழே பிளாஸ்டிக் துளியும் மாறவில்லை. அதனால்தான் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

உறையில்லாமல் கலந்துபோன தட்டுகளைப் பிரிக்க வேண்டுமானால், இரண்டிலும் 10 மைக்ரோலிட்டர் தண்ணீர் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். உருண்டு நிற்பது பெட்ரி டிஷ், தட்டையாகப் பரவுவது வளர்ப்புத் தட்டு.

2. அப்படின்னா செல் அந்த ஆக்சிஜன் தொகுதியைப் பிடிச்சுக்குதா?

இல்லை. இந்தத் துறையில் நடக்கும் குழப்பங்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. மீடியம் (செல் வளரும் ஊட்டத் திரவம்) பட்ட சில நொடிகளிலேயே பரப்பைப் புரதம் மூடிவிடும். செல் வந்து இறங்குவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் பிளாஸ்டிக் மறைந்து போயிருக்கும். செல்லின் இன்டெக்ரின் ஏற்பிகள் தேடுவது மீடியத்தில் சேர்க்கும் சீரத்திலிருந்து (இரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிநீர்) வந்து படிந்த விட்ரோநெக்டினையும் ஃபைப்ரோநெக்டினையும்தான். 10% சீரம் உள்ள மீடியத்தில், ட்ரீட் செய்த (பிளாஸ்மாவோ கொரோனாவோ காட்டிய) பாலிஸ்டைரீன்மேல் பெரும்பாலான வேலையைச் செய்வது விட்ரோநெக்டின்.

ஆனால் சீரத்தில் மிக அதிகமாக இருப்பது ஆல்புமின். அதற்கு இன்டெக்ரின் பிடிக்கும் இடம் இல்லை. நீரை வெறுக்கும் வெறும் பாலிஸ்டைரீனில் ஆல்புமின் இறுகப் படிந்து உட்கார்ந்துகொள்ளும். ஒட்டும் புரதங்கள் படிந்தாலும் உருக்குலைந்து, பிடிமான இடம் உள்ளே மடங்கிப்போகும். ட்ரீட் செய்த பரப்பில் ஆல்புமின் தளர்வாக இருப்பதால், பின்னால் வரும் விட்ரோநெக்டின் அதைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கும். இந்த இடமாற்றத்துக்கு வ்ரோமன் விளைவு என்று பெயர். ஆகவே எந்தப் பரப்பு மாற்றத்தைப் பற்றிக் கேட்டாலும், “இதன்மேல் எந்தப் புரதம், எந்த நிலையில் உட்காரும்?” என்ற கேள்வியை முதலில் போடுங்கள். கீழே வரும் விடைகள் எல்லாம் அதிலிருந்து கிளைப்பவைதான்.

3. சீரம் இல்லாத மீடியத்துக்கு மாத்தினேன். அதே தட்டு, அதே செல். இப்போ ஒட்டவே மாட்டேங்குது.

முந்தைய விடைப்படி, ஒட்டவைத்தது தட்டல்ல, சீரம். அதை எடுத்துவிட்டீர்கள். இரண்டு வழி உண்டு. சீரம் உள்ள மீடியத்தில் 4 முதல் 24 மணி நேரம் ஒட்டவிட்டு, கழுவி, சீரம் இல்லாததற்கு மாற்றலாம். சீரமே தொடக்கூடாது என்றால் விட்ரோநெக்டினோ ஃபைப்ரோநெக்டினோ முன்கூட்டியே பூச வேண்டும். மீடியத்தில் ஆல்புமின் சேர்த்திருந்தால் பூச்சு இன்னும் அவசியம். இல்லாவிட்டால் ஆல்புமின் மட்டுமே பரப்பை மூடும்.

4. எந்த செல்லுக்கு எந்தப் பூச்சு? ஒரே பட்டியலா சொல்லுங்களேன்.

ஹீலா, 3டி3 போன்ற பழகிய செல்வரிசைகளுக்குச் சீரம் இருந்தால் பூச்சே வேண்டாம். எச்.இ.கே. 293 (மனிதக் கருவின் சிறுநீரகச் செல்வரிசை) லேசாகத்தான் ஒட்டும், கழுவும்போது தாள் தாளாகக் கிளம்பும்; அதற்கு பாலி-டி-லைசின் 50 மைக்ரோகிராம்/மி.லி. போதும். தொப்புள்கொடி நாள எண்டோதீலியல் (இரத்தநாள உட்சுவர்) செல்லுக்கு 0.1% ஜெலட்டின், 37 டிகிரியில் 30 நிமிடம். பிடிவாதமாக இருந்தால் ஃபைப்ரோநெக்டின். கல்லீரல் செல்லுக்கு முதல் வகைக் கொலாஜன், சதுர செ.மீ.க்கு 5 மைக்ரோகிராம். நரம்பு செல்லுக்கு பாலி-டி-லைசின் 50 முதல் 100 மைக்ரோகிராம்/மி.லி., அதன்மேல் லேமினின் 5 மைக்ரோகிராம்/மி.லி.

மனிதப் பன்மைத்திறன் ஸ்டெம் செல்லுக்கு மேட்ரிஜெல் பழைய வழி. அது எலியின் சதைக்கட்டியிலிருந்து எடுத்த கலவை, ஒவ்வொரு தொகுதியும் சற்றே மாறும். இப்போது துண்டித்த விட்ரோநெக்டின் அல்லது லேமினின்-521, இரண்டுமே சதுர செ.மீ.க்கு 0.5 மைக்ரோகிராம், நன்றாக வேலை செய்கின்றன. தனிச்செல்களாகப் பிரித்து விதைத்தால் முதல் நாள் மட்டும் ஒய்-27632 என்ற தடுப்பானை 10 மைக்ரோமோலார் சேருங்கள். அதை மறந்துவிட்டுப் பூச்சைக் குறை சொல்வது வழக்கமாக நடக்கிறது.

5. ஒரு புரோட்டோகால்ல மைக்ரோகிராம்/மி.லி.ன்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல சதுர செ.மீ.க்குன்னு போட்டிருக்கு. எதை நம்பறது?

சதுர செ.மீ. கணக்குதான் தட்டு மாறினாலும் மாறாதது. 6 குழித் தட்டில் ஒரு குழி சுமார் 9.5 சதுர செ.மீ., 24 குழியில் 1.9, 96 குழியில் 0.32. கொலாஜன் சதுர செ.மீ.க்கு 5 மைக்ரோகிராம் வேண்டும், 24 குழித் தட்டு என்றால்: 1.9 × 5 = 9.5 மைக்ரோகிராம் ஒரு குழிக்கு. அடியை முழுதாக மூட 300 மைக்ரோலிட்டர் தேவை. ஆக, கரைசல் சுமார் 32 மைக்ரோகிராம்/மி.லி. இருக்க வேண்டும். இதே கரைசலை 96 குழியில் 50 மைக்ரோலிட்டர் விட்டாலும் சதுர செ.மீ.க்கு அதே 5 மைக்ரோகிராம்தான் வரும். ஆனால் 100 மைக்ரோலிட்டர் விட்டால் இரட்டிப்பாகிவிடும்.

இது நீங்கள் ஊற்றும் அளவு. படியும் அளவு வேறு. ஒற்றை அடுக்காகப் புரதம் படிய சதுர செ.மீ.க்குச் சில நூறு நானோகிராமே போதும். மீதி எல்லாம் கழுவும்போது போய்விடும். எனவே ஒரு எல்லைக்குமேல் செறிவைக் கூட்டினால் செலவு மட்டும்தான் கூடும்.

6. பாலி-எல்-லைசினா, பாலி-டி-லைசினா? பூசின தட்டுல என் நியூரான் எல்லாம் செத்துப்போச்சு.

பாலிலைசின் இன்டெக்ரின் வழியாக வேலை செய்வதில்லை. நேர்மின்சுமையால் செல்லின் எதிர்மின்சுமைச் சவ்வை இழுத்துப் பிடிக்கிறது, அவ்வளவுதான். எல் வகையைச் செல் சுரக்கும் புரோட்டியேசுகளும் (புரதம் வெட்டும் நொதிகள்), செல்லைத் தட்டிலிருந்து கழற்றப் போடும் டிரிப்சினும் வெட்டும். டி வகையை வெட்டாது. வாரக்கணக்கில் வளர்க்கும் நியூரானுக்கு டி வகைதான் சரி.

செத்ததற்குக் காரணம் பெரும்பாலும் கழுவல் போதாமை. ஒட்டாமல் மிதக்கும் பாலிலைசின் செல்லுக்கு நஞ்சு. கண்ணாடிச் சில்லாக இருந்தால் 0.1 மோலார் போரேட் பஃபரில், பி.எச். 8.5-இல், இரவு முழுதும் பூசி, மறுநாள் கிருமியற்ற தண்ணீரில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சில நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். சில்லுக்கு அடியில் தேங்கும் கரைசலை யாரும் நினைப்பதில்லை. இடுக்கியால் சில்லைத் தூக்கி அடியையும் கழுவ வேண்டும்.

7. மேட்ரிஜெல் கட்டி கட்டியா உறைஞ்சுடுது. கொலாஜனும் சில நேரம் இழை இழையா வருது.

மேட்ரிஜெல் 10 டிகிரிக்குமேல் போனாலே இறுகத் தொடங்கும். குப்பியை ஐஸ் வாளியில் புதைத்து, அந்த வாளியோடு குளிர்பெட்டியில் இரவு முழுதும் வைத்து உருக்குங்கள். முனைகள், குழாய்கள், மீடியம் எல்லாமே குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த மீடியத்தில் மேட்ரிஜெல்லை விடுங்கள். அறை வெப்ப மீடியத்தில் விட்டால் முனையிலேயே உறையும். லேமினினுக்கும் இதே மரியாதை: கையில் வைத்துச் சூடேற்றி உருக்காதீர்கள்.

கொலாஜன் அமிலத்தில்தான் கரைந்திருக்கும். மெல்லிய பூச்சுக்கு 0.02 நார்மல் அசெட்டிக் அமிலத்தில் நீர்க்கவைத்து, அறை வெப்பத்தில் 1 மணி நேரம் பூசி, பி.பி.எஸ். (பாஸ்பேட் உப்புக் கரைசல்) கொண்டு அமிலம் போகக் கழுவுங்கள். நேரே பி.பி.எஸ்.ஸில் நீர்க்கவைத்தால் நடுநிலைக்கு வந்து இழையாகத் திரியும். அது முப்பரிமாண ஜெல்லுக்கான வழி, பூச்சுக்கானதல்ல. ஃபைப்ரோநெக்டினை வோர்டெக்சில் (குழாயை வேகமாகக் குலுக்கும் கருவி) போடவே கூடாது, குலுக்கினால் திரளும்.

8. பூச்சு காய்ஞ்சுபோச்சு. அப்படியே செல் போடலாமா?

பாலிலைசின் என்றால் தாராளமாக. கழுவிய பிறகு காயவைத்துத்தான் குளிர்பெட்டியில் எடுத்து வைக்கிறோம். மெல்லிய கொலாஜன் பூச்சும் கழுவிக் காய்ந்தால் தாங்கும். லேமினினும் மேட்ரிஜெல்லும் காய்ந்தால் தூக்கிப் போடுங்கள். ஃபைப்ரோநெக்டின் நடுவில் நிற்கிறது: ஒட்டும், ஆனால் குழிக்குக் குழி வேறுபடும். அளவிடும் சோதனை என்றால் வேண்டாம்.

9. எங்க லேப்ல சின்ன பிளாஸ்மா கிளீனர் இருக்கு. நாங்களே ட்ரீட் பண்ணிக்கலாமா?

பண்ணலாம். படலமோ டிஷ்ஷோ முதலில் தூசியில்லாமல் இருக்க வேண்டும். 70% எத்தனாலில் கழுவி முழுதும் உலர்த்துங்கள். பாலிஸ்டைரீனுக்கு அசிட்டோன், டொலுயீன், குளோரோஃபாம் வாசனைகூடக் காட்டாதீர்கள், கரைந்துவிடும். அறையில் ஈரம் இருந்தால் வெற்றிடம் இறங்க நேரமாகும், ஒளியின் நிறமும் மாறும். ஆக்சிஜன் உருளை இல்லாவிட்டால் சாதாரணக் காற்றே போதும். குறைந்த அல்லது நடுத்தரச் சக்தியில் 30 நொடி, 60 நொடி, 2 நிமிடம், 5 நிமிடம் என்று நான்கு துண்டுகளை வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் தொடுகோணம் எடுத்து, அதே நாளில் செல்லும் போட்டுப் பாருங்கள். கருவிக்குக் கருவி சக்தியும் அழுத்தமும் மாறுவதால் மற்றவர் ஆய்வுத்தாளில் போட்ட நிமிடக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

அறைக்குள் துண்டை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மின்முனைக்குப் பக்கத்தில் இருப்பது அதிகம் வாங்கும். ஆழமான குழியின் அடிக்குப் பிளாஸ்மா சரியாக இறங்காது. ஓரம் ஒட்டி நடு ஒட்டாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

10. பிளாஸ்மா எல்லாம் இல்லை. ஹூட்ல இருக்கிற யூ.வி. லைட்ல ராத்திரி முழுக்க வெச்சா ஆகாதா?

ஹூட் (கிருமியில்லாமல் வேலை செய்யும் காற்றோட்டப் பெட்டி) விளக்கு 254 நானோமீட்டர். அது கிருமியைக் கொல்லும். பரப்பை ஆக்சிஜனேற்ற ஓசோன் வேண்டும். ஓசோன் உண்டாக 185 நானோமீட்டர் கதிர் வேண்டும். கிருமிநீக்கி விளக்கின் கண்ணாடி அந்தக் கதிரை வெட்டிவிடும். யூ.வி.-ஓசோன் கருவியில் இரண்டு அலைநீளமும் வரும். அதில் 5 முதல் 15 நிமிடத்தில் பாலிஸ்டைரீன் மாறிவிடும். பிளாஸ்மாவைவிட மெதுவானது, ஆனால் மென்மையானது, வெற்றிடமும் வேண்டாம். ஓசோன் மூச்சுக்கு ஆகாது. கருவியின் காற்றுப்போக்கி ஓடுகிறதா என்று பாருங்கள்.

11. 10 நிமிஷம் பிளாஸ்மா காட்டினேன். தண்ணி சூப்பரா பரவுது. ஆனா மூணாம் நாள் செல் எல்லாம் தாளா உரிஞ்சு வருது. ஏன்?

அதிகம் காட்டியதுதான். பிளாஸ்மா தொகுதிகளை ஏற்றுவதோடு பாலிமர் சங்கிலியையும் வெட்டுகிறது. நேரம் கூடக் கூட, குட்டையாக வெட்டுப்பட்ட, ஆக்சிஜன் நிறைந்த துண்டுகள் பரப்பின்மேல் ஒரு தளர்ந்த படலமாகச் சேரும். தொடுகோணம் அபாரமாக இறங்கும், புரதமும் படியும், செல்லும் ஒட்டும். ஆனால் அந்த மொத்த அடுக்கும் கீழே உள்ள பிளாஸ்டிக்கோடு பிணைப்பில் இல்லை. மீடியத்தில் கரைந்து கிளம்பும்போது செல்லையும் கூட்டிக்கொண்டு போகும்.

சோதிக்க எளிய வழி: பிளாஸ்மா முடிந்ததும் தொடுகோணம் எடுங்கள். தண்ணீரில் 10 நிமிடம் அலசி உலர்த்தி மறுபடி எடுங்கள். பெரிதாக ஏறியிருந்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள். எல்லா வேலையிலும் பிளாஸ்மாவுக்குப் பின் ஒரு அலசலைச் சேர்ப்பது நல்லது. மீடியத்தில் கழன்று போக வேண்டியது அலசலிலேயே போய்விடும்.

12. ட்ரீட் பண்ணின பரப்பு எத்தனை நாள் தாங்கும்?

பாலிமரைப் பொறுத்தது. பாலிஸ்டைரீன் அறை வெப்பத்தில் விறைப்பான கண்ணாடி நிலை, சங்கிலிகள் அசையாது. கொஞ்சம் பின்வாங்கும், அப்புறம் நின்றுவிடும். அதனால்தான் கடைத்தட்டு ஆண்டுக்கணக்கில் அலமாரியில் இருக்கிறது. பி.டி.எம்.எஸ். என்ற சிலிக்கோன் ரப்பர் நேர் எதிர். அதன் தொடுகோணம் முதலில் சுமார் 110 டிகிரி. 30 முதல் 60 நொடி பிளாஸ்மாவில் தண்ணீர் முழுதும் பரவும். சில மணி நேரத்திலேயே திரும்பத் தொடங்கிவிடும், ஏனென்றால் உள்ளிருக்கும் இணையாத குட்டைச் சங்கிலிகள் மேலே ஊர்ந்து வரும், பரப்புச் சங்கிலிகளும் புரண்டுகொள்ளும்.

எனவே பி.டி.எம்.எஸ்.ஸைப் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த சில நிமிடத்துக்குள் பூச்சுக் கரைசலில் போடுங்கள். முடியாவிட்டால் தண்ணீருக்குள் மூழ்கவைத்து வையுங்கள்; காற்றில் வைப்பதைவிட மெதுவாகத் திரும்பும்.

13. பி.டி.எம்.எஸ்.ல ஃபைப்ரோநெக்டின் பூசி தசை செல் போட்டேன். நாலு நாள் அருமை. அப்புறம் சுருட்டிக்கிட்டு வந்துடுது.

தசைச் செல் இழுக்கும். பூச்சு பரப்பில் வெறுமனே படிந்திருக்கிறது, பிணைக்கப்படவில்லை. பரப்பும் முன்சொன்ன காரணத்தால் மெல்ல மாறிக்கொண்டிருக்கிறது. இழுவிசை பிடிமானத்தை மிஞ்சும் நாளில் உரிந்து வரும். வேதிப்பிணைப்பு வேண்டும். பிளாஸ்மாவுக்குப் பின் அமினோசிலேன் பூசி, குளுட்டரால்டிஹைடு வழியாகப் புரதத்தைக் கட்டுவது ஒரு வழி. மிஞ்சிய குளுட்டரால்டிஹைடு செல்லைக் கொல்லும், 0.1 மோலார் கிளைசினில் ஊறவைத்து, பிறகு பலமுறை கழுவ வேண்டும்.

இன்னும் எளியது பாலிடோபமின். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் மெசர்ஸ்மித் குழு 2007-இல் காட்டியது. கடற்சிப்பி பாறையில் ஒட்டும் வேதியியலிலிருந்து எடுத்த யோசனை. டோபமின் ஹைட்ரோகுளோரைடு 2 மி.கி./மி.லி., 10 மில்லிமோலார் டிரிஸ், பி.எச். 8.5. திறந்த பாத்திரத்தில், லேசாக ஆட்டியபடி 4 முதல் 24 மணி நேரம். ஆக்சிஜன் இல்லாமல் இது நடக்காது, மூடி இறுக்கிவிட்டால் பூச்சு வராது. கரைசல் பழுப்பாகிக் கறுக்கும். துகள்களும் படியும், எனவே துண்டைக் கவிழ்த்தோ நிறுத்தியோ வையுங்கள், முடிந்ததும் நன்றாக அலசுங்கள். அதன்மேல் ஃபைப்ரோநெக்டினோ கொலாஜனோ பூசினால் வாரக்கணக்கில் நிற்கும். பூச்சுக்கு நிறம் இருப்பதால் ஒளிர்வு நுண்ணோக்கியில் பின்னணி ஒளியை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பி.டி.எம்.எஸ். சிறிய, நீரை வெறுக்கும் மூலக்கூறுகளை உறிஞ்சிக்கொள்ளும். ஈஸ்ட்ரோஜன் போன்ற ஹார்மோனோ மருந்தோ சேர்க்கும் சோதனையில், நீங்கள் போட்ட செறிவு செல்லுக்குக் கிடைக்காது. எந்தப் பூச்சும் இதை முழுதாகத் தடுக்காது.

14. மின்புலத்துல நூற்ற பி.சி.எல். நானோ இழை. மீடியமே உள்ள போகமாட்டேங்குது.

பி.சி.எல். என்ற பாலிகேப்ரோலாக்டோன் தட்டையான படலமாக இருக்கும்போதே நீரை அவ்வளவாக ஏற்காது. இழைப் பாயாக ஆனால் இடையில் காற்று சிக்கி, துளி தாமரை இலைமேல் நிற்பதுபோல் நிற்கும். முதலில் 70% எத்தனாலில் நனைத்து, 50%, 25%, பிறகு பி.பி.எஸ். என்று படிப்படியாக மாற்றுங்கள். நடுவில் காயவிடாதீர்கள், காய்ந்தால் முதலிலிருந்து.

நிரந்தர மாற்றத்துக்கு 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு. எஸ்டர் பிணைப்பு உடைந்து கார்பாக்சிலும் ஹைட்ராக்சிலும் வெளிப்படும். அறை வெப்பத்தில் 30 நிமிடம், 1 மணி, 2 மணி என்று பாருங்கள். இழை மெல்லியதாக இருந்தால் விரைவில் பலமிழக்கும், இடுக்கியில் தூக்கும்போதே கிழியும். கழுவு நீர் நடுநிலைக்கு வரும்வரை கழுவுங்கள். பி.சி.எல். ஏறக்குறைய 60 டிகிரியில் உருகும். சூடான அவனில் உலர்த்தினால் இழைப் பாய் படலமாகிவிடும்.

15. ட்ரீட் பண்ணினதை எப்படிக் கிருமிநீக்கம் செய்யறது? ஆட்டோகிளேவ் போடலாமா?

பாலிஸ்டைரீன் சுமார் 100 டிகிரியில் இளகும். 121 டிகிரி ஆட்டோகிளேவில் வளைந்து வரும். பி.சி.எல். பற்றி மேலே சொன்னது போதும். பி.டி.எம்.எஸ். தாங்கும், ஆனால் பிளாஸ்மாவுக்கு முன்னால் போடுங்கள், பின்னால் அல்ல. மற்றவற்றுக்கு 70% எத்தனாலில் 30 நிமிடம், பிறகு ஹூட்டில் உலர்த்தல் போதும். வரிசை முக்கியம்: கிருமிநீக்கம் முதலில், புரதம் கடைசியில். புரதக் கரைசலை 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து ஹூட்டுக்குள்ளேயே பூசுங்கள். பூசிய புரதத்தின்மேல் எத்தனாலோ நீண்ட நேர யூ.வி.யோ பட்டால் அது இருந்தும் இல்லாததுபோல்.

16. எனக்கு செல் ஒட்டவே கூடாது, உருண்டையா திரளணும். எதைப் பூசறது?

தண்ணீரை இறுகப் பிடித்துக்கொண்டு புரதத்துக்கு இடம் கொடுக்காத பரப்பு வேண்டும். மலிவானது அகரோஸ்: 1.5%, 96 குழித் தட்டில் குழிக்கு 50 மைக்ரோலிட்டர், சூடாக விட்டு உறையவிட்டால் நடுவில் குழிந்து நிற்கும். செல்கள் உருண்டு மையத்தில் சேரும். அடுத்தது பாலிஹெமா: 95% எத்தனாலில் 20 மி.கி./மி.லி., மிதமான சூட்டில் கலக்கிக்கொண்டே கரைக்க வேண்டும், பல மணி நேரம் பிடிக்கும். குழிக்கு 50 மைக்ரோலிட்டர் விட்டு, சமதளத்தில் 37 டிகிரியில் இரவு முழுதும் உலர்த்துங்கள். வேகமாக உலர்ந்தால் ஓரத்தில் தடித்து நடுவில் வெளிறும், அங்கே செல் ஒட்டும். 1978-இல் ஜூடா ஃபோக்மனும் ஆன் மோஸ்கோனாவும் இதே பாலிஹெமாவின் தடிமனைப் படிப்படியாக மாற்றி, செல் எவ்வளவு பரவுகிறதோ அவ்வளவு டி.என்.ஏ. உற்பத்தி என்று காட்டினார்கள். பரப்பால் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தலாம் என்பதற்கு இன்றும் அதுதான் அடிப்படைச் சான்று.

17. புளூரோனிக் பூசியும் செல் ஒட்டுது. கைடு பழைய பாட்டில்ன்னு சொல்றார்.

பாட்டிலைத் திட்டுவதற்கு முன் பரப்பைப் பாருங்கள். புளூரோனிக் எஃப்-127-இன் நடுப்பகுதி நீரை வெறுப்பது, இரண்டு முனைகளும் நீரை விரும்புபவை. நடுப்பகுதி நீரை வெறுக்கும் பரப்பில்தான் ஊன்றும். வெறும் பாலிஸ்டைரீனிலும் வெறும் பி.டி.எம்.எஸ்.ஸிலும் 0.2 முதல் 1% கரைசல், 1 மணி நேரம், அழகாக வேலை செய்யும். நன்றாகப் பிளாஸ்மா காட்டிய பரப்பிலோ கண்ணாடியிலோ ஊன்ற இடமில்லை, கழுவினால் போய்விடும். அங்கே எதிர்மின்சுமை இருப்பதால் பாலிலைசினில் பாலிஎத்திலீன் கிளைக்கால் கிளைகள் ஒட்டிய கூட்டுப்பாலிமர் பொருந்தும்: 0.1 மி.கி./மி.லி., 10 மில்லிமோலார் ஹெப்பிஸ், பி.எச். 7.4, 1 மணி நேரம். ஒன்றுக்கு ஆகும் பரப்பு மற்றதற்கு ஆகாது.

18. ஒரு செல்லை சதுரமா, ஒரு செல்லைக் கோடா வளர்க்கணும். முடியுமா?

முடியும், மைக்ரோ அச்சு முறையில். பி.டி.எம்.எஸ். அச்சின்மேல் ஃபைப்ரோநெக்டின் 50 மைக்ரோகிராம்/மி.லி. 1 மணி நேரம் வைத்து, உறிஞ்சி எடுத்து, நைட்ரஜன் ஊதி உலர்த்தி, உடனே பெட்ரி டிஷ்மேல் வைத்து லேசாக அழுத்துங்கள். சில நிமிடம் கழித்து எடுங்கள். வெறும் பாலிஸ்டைரீன் அச்சைவிடச் சற்று நீர் ஏற்பது, அதனால் புரதம் இடம் மாறும். பிறகு புளூரோனிக், முந்தைய விடையில் சொன்னபடி. ஈரத்தோடு அழுத்தினால் வடிவம் ஒழுகும்; மிகக் காய்ந்தால் புரதம் மாறாது. அழுத்தம் கூடினாலோ, புடைப்புகளின் உயரத்தைவிட இடைவெளி மிகப் பெரிதாக இருந்தாலோ, அச்சின் கூரை தொய்ந்து நடுவிலும் புரதம் படும். ஒளிரும் ஃபைப்ரோநெக்டினைக் கொஞ்சம் கலந்து, செல் போடுவதற்கு முன்பே வடிவத்தைப் பாருங்கள்.

டொனால்ட் இங்பர், ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழுக்கள் 1997-இல் இதே முறையில், நுண்ணாள எண்டோதீலியல் செல்லைப் பெரிய புரதத் தீவில் பரவவிட்டால் பெருகுகிறது, சிறு தீவில் அடைத்தால் சாகிறது என்று காட்டின. புரதத்தைத் தொடும் மொத்தப் பரப்பை மாற்றாமல், பல குட்டிப் புள்ளிகள்மேல் செல்லை விரித்தபோதும் விரிந்த செல்லே பிழைத்தது. வாழ்வையும் சாவையும் அங்கே தீர்மானித்தது புரதத்தின் அளவைவிடச் செல்லின் பரவல்தான். இந்த வடிவங்கள் சில நாள் சோதனைக்குப் போதும். பல வாரம் வேண்டுமென்றால் வேதிப்பிணைப்பில் கட்டிய கிளைக்கால் அடுக்கு வேண்டும்.

19. முழுப் புரதம் எதுக்கு, ஆர்.ஜி.டி. பெப்டைடு மட்டும் கட்டினா போதாதா?

ஃபைப்ரோநெக்டினில் இன்டெக்ரின் பிடிக்கும் இடம் ஆர்ஜினின்-கிளைசின்-அஸ்பார்ட்டிக் அமிலம் (சுருக்கமாக ஆர்.ஜி.டி.) என்ற மூன்றே அமினோ அமிலங்கள். பியர்ஷ்பாக்கரும் ருவோஸ்லாட்டியும் 1984-இல் வெளியிட்டது. பெப்டைடு மலிவு, கிருமிநீக்கத்தைத் தாங்கும், தொகுதிக்குத் தொகுதி மாறாது. ஆனால் முழுப் புரதத்தில் பக்கத்திலிருக்கும் துணை இடங்கள் பெப்டைடில் இல்லை, எனவே பிடிப்பு பலவீனமாகவும், எந்த இன்டெக்ரின் என்ற தேர்வு இல்லாமலும் இருக்கும்.

இடைவெளியும் கணக்கு. ஜெர்மனியில் யோவாகிம் ஷ்பாட்ஸ் குழு 2004-இல் தங்க நானோபுள்ளிகளில் ஆர்.ஜி.டி.யை வைத்துப் பார்த்தது: 58 நானோமீட்டர் இடைவெளியில் செல் நன்றாகப் பரவியது, 73-இல் பரவவில்லை. ட்ரீட் செய்த பாலிஸ்டைரீன்மேல் பெப்டைடைக் கட்டி, சீரத்தோடு சோதித்து, “பெப்டைடு வேலை செய்கிறது” என்று எழுதாதீர்கள். பின்னணியில் விட்ரோநெக்டின் படிந்திருக்கும் (விடை 2). பின்னணி ஒட்டாததாக இருக்க வேண்டும், கூடவே ஆர்.ஜி.இ. போன்ற மாற்றிய வரிசை ஒன்றைக் கட்டுப்பாடாக வைக்க வேண்டும்.

20. டிரிப்சின் போடாம முழுத் தாளா எடுக்கிற தட்டு இருக்காமே?

பாலி-என்-ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடு. 32 டிகிரிக்குமேல் நீரை விட்டுச் சுருங்கும், செல் ஒட்டும். கீழே இறங்கினால் நீரேறி வீங்கும், செல் தானே விடுபடும். டோக்கியோ பெண்கள் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் தெருவோ ஒகானோ குழு 1990-இல் தொடங்கிய வேலை. எலக்ட்ரான் கற்றையால் பாலிஸ்டைரீனில் கட்டுகிறார்கள். 15 முதல் 20 நானோமீட்டர் தடிமன் சரி, 30-ஐத் தாண்டினால் 37 டிகிரியிலும் செல் ஒட்டாது. வீட்டுமுறையில் பூசித் தோற்பவர்கள் பெரும்பாலும் தடிமனில்தான் தோற்கிறார்கள். எடுக்கும்போது 20 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். செல்-செல் பிணைப்பும் அடியில் சுரந்த புரதமும் தாளோடு வரும். வாய்ச் சளிச்சவ்வுத் தாளைக் கண்ணில் பொருத்திய ஜப்பானிய மருத்துவ முயற்சி 2004-இல் வெளியானது.

நுண்ணோக்கி மேசையில் நீண்ட நேரம் வைத்துப் பார்த்தால் தட்டு ஆறி, நீங்கள் கேட்காமலே தாள் கிளம்பிவிடும். மீடியத்தையும் 37 டிகிரியில் சூடாக்கியே மாற்றுங்கள்.

21. பரப்பு வேதியியலா, மென்மை-கடினமா, எது முக்கியம்?

பிரித்துப் பார்ப்பதே கடினம். பாலிஸ்டைரீன் கிகாபாஸ்கல் அளவு விறைப்பு. மூளைத் திசு ஒரு கிலோபாஸ்கல் சுற்றுவட்டாரம். ஆடம் எங்லர், டென்னிஸ் டிஷர் குழு 2006-இல் பாலிஅக்ரிலமைடு ஜெல்லில், எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்கள் 0.1 முதல் 1 கிலோபாஸ்கலில் நரம்புச் சாயலும், 8 முதல் 17-இல் தசைச் சாயலும், 25 முதல் 40-இல் எலும்புச் சாயலும் காட்டுவதாக எழுதியது. அந்த ஜெல்லில் செல் தானாக ஒட்டாது. சல்ஃபோ-சான்பா என்ற ஒளிவினைப் பொருளை 365 நானோமீட்டரில் காட்டிக் கொலாஜனைக் கட்ட வேண்டும். அது தண்ணீரில் சில நிமிடத்திலேயே வீணாகும், கரைத்தவுடன் ஊற்றுங்கள்.

ஜெல்லை மென்மையாக்கும்போது துளையளவும், கொலாஜன் எத்தனை இடத்தில் கட்டுப்பட்டிருக்கிறது என்பதும் சேர்ந்தே மாறும். செல் உணர்வது கொலாஜன் கட்டுப்பட்டிருக்கும் விதத்தைத்தான் என்று 2012-இல் ஒரு வாதம் எழுந்தது. விறைப்பைத்தான் என்று எங்லர் குழு 2014-இல் பதில் கொடுத்தது. உங்கள் ஜெல்களில் படிந்த புரத அளவு ஒன்றுதான் என்று எதிர்ப்பொருள் சாயத்தால் காட்டாவிட்டால், முடிவு எதைப் பற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது.

22. மதிப்பீட்டாளர் “பரப்பு மாறியதற்குச் சான்று எங்கே”ன்னு கேட்கிறார். தொடுகோணம் போதாதா?

போதாது. 2 முதல் 5 மைக்ரோலிட்டர் துளி, ஒரு துண்டில் ஐந்து இடம், மூன்று துண்டு என்று எடுத்த தொடுகோணம் நல்ல தொடக்கம். ஆனால் சொரசொரப்பும் அழுக்கும்கூடக் கோணத்தை மாற்றும். எக்ஸ்-கதிர் ஒளிஎலக்ட்ரான் நிறமாலை மேல் 10 நானோமீட்டருக்குள் உள்ள தனிமங்களைச் சொல்லும்: வெறும் பாலிஸ்டைரீனில் ஆக்சிஜன் இருக்கவே கூடாது, எனவே வந்தது தெளிவாகத் தெரியும். அமினோசிலேன் என்றால் நைட்ரஜன் உச்சியைத் தேடுங்கள். சிலிக்கான் எதிர்பாராமல் தெரிந்தால் பக்கத்தில் யாரோ பி.டி.எம்.எஸ். கையாண்டிருக்கிறார்கள், அது எல்லாப் பரப்புக்கும் பரவும் அழுக்கு.

செல் பக்கத்தில் ஒட்டுதல் சோதனை: சீரம் இல்லாத மீடியத்தில் 0.1% ஆல்புமின், 37 டிகிரியில் 30 முதல் 60 நிமிடம்; கால்சியம், மக்னீசியம் உள்ள பி.பி.எஸ்.ஸில் மெதுவாக இரண்டு முறை கழுவல் (அவை இல்லாவிட்டால் இன்டெக்ரின் பிடி விடும்), 4% பாராஃபார்மால்டிஹைடு, 0.1% கிரிஸ்டல் வயலெட் 20 நிமிடம். கழுவி, 10% அசெட்டிக் அமிலத்தில் கரைத்து 590 நானோமீட்டரில் படியுங்கள். ட்ரீட் செய்யாதது, ட்ரீட் செய்து பூசாதது, ஆல்புமின் மட்டும் பூசியது, கடைத்தட்டு ஆகிய நான்கும் ஒரே நாளில், ஒரே செல் குப்பியிலிருந்து ஓட வேண்டும். இந்த நான்கு இல்லாத ஆய்வுத்தாளை, மதிப்பீட்டாளராக நாங்கள் இருந்தாலும் திருப்பித்தான் அனுப்புவோம்.

23. எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். ஆனா செல் ஓரமாவே சேருது, நடுவுல வழுக்கை.

முதலில் பரப்பைச் சந்தேகிக்காதீர்கள். விதைத்ததும் வட்டமாகச் சுழற்றினால் செல் நடுவிலோ ஓரத்திலோ திரளும். முன்-பின், இடம்-வலம் என்று ஆட்டி, சமதளத்தில் அறை வெப்பத்தில் 15 முதல் 20 நிமிடம் விட்டுவிட்டு இன்குபேட்டரில் வையுங்கள். நேரே உள்ளே வைத்தால் குழியின் சுவர் முதலில் சூடாகி, மீடியத்தில் ஓட்டம் எழுந்து செல்லைத் தள்ளும். பக்கத்தில் கடைத்தட்டிலும் அதே வழுக்கை வந்தால் விதைப்புதான் காரணம். அங்கே சீராக இருந்து உங்கள் பரப்பில் மட்டும் வந்தால் 9-ஆம் விடையில் சொன்ன பிளாஸ்மா இறக்கமும், 16-இல் சொன்ன உலர்வும் பார்க்க வேண்டியவை. இரண்டிலும் செல்லே ஒட்டவில்லை என்றால் டிரிப்சினில் அதிக நேரம் விட்டீர்களா, மைகோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் தொற்றும் பாக்டீரியா) சோதனை எப்போது செய்தீர்கள் என்று பாருங்கள்.